இந்த வயசுல என்ன படிப்பு?



இந்த வாரம் சம்பளப் பேச்சையும் வேலைநாள் கணக்கையும் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு பேருக்குத் தெரிந்தால் வெட்கம்தான். ஆனால் அடுத்தவர் தவறைப் பற்றி வாராவாரம் எழுதுகிறவர்கள் தங்கள் தவறை மட்டும் மூடி வைத்தால் நியாயமா?

2020ஆம் ஆண்டின் தொடக்கம். நோய்த்தொற்று வந்து நாடே கதவைச் சாத்துவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு. கிளை அலுவலகத்தில் சந்தாக் கணக்கோடு நாம் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தோம். ஒரு தோட்டத்தின் ஆயாக்கொட்டகையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்து வாசலில் நின்றாள். கையில் நாலாக மடித்த தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

“அண்ணே, எஸ்.பி.எம். திரும்ப எழுதணும்னா எங்கே போயி பதியணும்?”

“யாருக்கும்மா? மகளுக்கா? அவ இப்பதானே ரெண்டாம் பாரம்?”

“எனக்குத்தான் அண்ணே. மிஸ்ஸிக்குப் படிக்கணும்.”

நாம் சிரித்துவிட்டோம். வேண்டுமென்று சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தோம். “உனக்கு முப்பத்தஞ்சு வயசாச்சும்மா. நீ எழுதி, பாஸாகி, காலேஜுக்குப் போறதுக்குள்ளே நாப்பதைத் தொட்டுடுவே. இந்த வயசுல என்ன படிப்பு? மகளைப் படிக்க வை. நல்லா இருக்கும்” என்று புத்திமதியும் சொன்னோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு தோழர்களும் தலையை ஆட்டினார்கள்.

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “சரிண்ணே” என்றாள். நாலாக மடித்த தாளை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் நம்மிடம் எதுவும் கேட்டு வரவில்லை. தானே பஸ் ஏறி மாநிலக் கல்வி இலாகாவுக்குப் போயிருக்கிறாள். தனியார் பரீட்சார்த்தியாகப் பதிந்திருக்கிறாள். முதல் தடவை கணிதம் காலை வாரியது. மறு தடவையும் எழுதினாள். 2023 ஜூனில் தேர்வு முடிவு வந்தது. ஜூலையில் தாதியர் கல்லூரியில் சேர இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே வாசலில் வந்து நின்றாள். “அன்னைக்குச் சிரிச்சீங்கல்ல, அதான் காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இந்த முறை நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்போது அவளுக்கு வயது 38. படிப்புக் காலம் மூன்று ஆண்டு. நாற்பதைத் தாண்டியபோது அவள் மூன்றாம் ஆண்டில் இருந்தாள்.

அவள் கதை நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை. பிறகு பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் ஒரு வருஷம் புதுமுக வகுப்பு. தமிழில் கணக்கை மளமளவென்று போட்ட பிள்ளை அவள். மலாயில் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் மணி அடித்துவிடும். 2003ஆம் ஆண்டு எஸ்.பி.எம். எழுதினாள். மலாய் மொழியில் தேறினாள். கணிதத்திலும் அறிவியலிலும் விழுந்தாள். மறு வருஷம் கலியாணம். அப்புறம் கையில் பிள்ளை, முதுகில் மருந்து அடிக்கும் பம்பு.

பாராகுவாட் என்ற மருந்தை நம் பெண்களுக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. 2002இல் அதற்குத் தடை என்றார்கள். 2006இல் அந்தத் தடையை எடுத்தார்கள். 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை வந்தது. தடை எடுபட்ட அந்த ஆண்டுகளில் அதைச் சுமந்தது யார் முதுகு? அவளும் ஐந்து வருஷம் சுமந்தாள். நகம் கறுத்து உதிர்ந்தது. காலையில் முகம் கழுவினால் மூக்கிலிருந்து ரத்தம். கிளினிக்குக்குப் போனாள். எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, சாப்பாடு இறங்குகிறதா என்று எல்லாம் கேட்டார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

அங்கே ஒரு மிஸ்ஸி இருந்தாள். நம்ம தமிழ்ப் பிள்ளை. இவள் கையைப் பிடித்து விரல் நகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்க மருந்து அடிக்கிறீங்களா?” என்று கேட்டாளாம். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் மருத்துவருக்கே விஷயம் புரிந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளாகத் தானும் ஆக வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தாளாம். நினைத்ததை ஒருவரிடமும் சொல்லாமல் பத்து வருஷம் வைத்திருந்தாள். முதன்முதலில் வாய் திறந்து சொன்னது நம்மிடம். நாம் சிரித்தோம்.

இது ஒரு பெண்ணின் ஆசை, அவள் பாடு என்று விட்டுவிடக் கூடாது என்கிறோம். ஏன் என்று கேளுங்கள்.

நம் தாய் தகப்பன் காலத்தில் தோட்டத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. டிரஸ்ஸர் இருந்தார். அவர் கலக்கிக் கொடுத்த தண்ணி மருந்தைத் திட்டாதவர்கள் கிடையாது. ஆனாலும் நடுராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வருவார். 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அந்த அளவுக்கு அவர்கள் நம் வாழ்க்கையோடு கலந்திருந்தார்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீட்டு மனைகளாயின. நம்மவர்கள் பட்டணத்துக்குப் போனார்கள். மரம் வெட்டிய இடத்தில் செம்பனை வந்தது. வேலைக்கு வங்காளதேசத்துத் தோழரும் இந்தோனேசியத் தோழரும் வந்தார்கள். எத்தனையோ தோட்ட ஆஸ்பத்திரிக் கட்டடங்களில் இன்று உர மூட்டை கிடக்கிறது. லயத்தில் மிஞ்சியிருப்பவர்களில் வயதானவர்களே அதிகம். அவர்களுக்கு வியாதி வந்தால் பெரிய ஆஸ்பத்திரிதான் கதி.

பெரிய ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது? மருந்து இருக்கிறது, மெஷின் இருக்கிறது, நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள். குறை சொல்ல மாட்டோம். ஆனால் நம் கிழவனார் தன் வியாதியைச் சொல்ல வேண்டுமே! பயிற்சிக்கு வார்டில் நின்றபோது அவள் பார்த்ததைச் சொன்னாள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா. வாழ்நாள் முழுதும் பால் மரம் வெட்டியவர். “சாக்கிட்?” என்று கேட்டால் “ஆமா” என்கிறார். “தா சாக்கிட்?” என்று கேட்டாலும் “ஆமா” என்கிறார். வலிக்கிறதா, வலிக்கவில்லையா என்று அந்த மலாய்த் தாதிக்கு எப்படித் தெரியும்? நல்ல பெண்தான், பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறாள். இவள் போய், “என்னா தாத்தா செய்யுது?” என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டாராம். “காலு மதமதன்னு இருக்கும்மா. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியல. ராத்திரியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.” போர்வையை விலக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் புண். ஆணி குத்தி எத்தனை நாளானதோ, அவருக்கே தெரியாது. சர்க்கரை வியாதி நரம்பை மரக்கடித்துவிட்டது.

சர்க்கரை என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சுகாதார ஆய்வு ஒன்று நடந்தது. மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்று அதில் தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 30 விழுக்காட்டுக்கும் மேல். லயத்தில் பத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எத்தனை வீட்டில் இன்சுலின் ஊசி இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். கால் விரல் போனவர்கள், முழங்காலோடு போனவர்கள் எல்லாம் நமக்கு உறவுக்காரர்கள்தானே! அந்தப் புண்ணை முதல் வாரத்திலேயே பார்த்து, நம் பேச்சிலேயே கண்டித்து, கட்டுப் போட்டுவிடும் ஆள் நம்மிடையே இருந்தால் எத்தனை கால் மிஞ்சும்?

பதினெட்டு வயதுப் பிள்ளைகள் படித்து வரட்டுமே என்பீர்கள். வரட்டும், நல்லது. ஆனால் ஒன்று. மூன்று பிள்ளை பெற்று, மாமனாருக்குப் படுக்கையில் துடைத்துவிட்டு, ஆயாக்கொட்டகையில் இருபது குழந்தைகளின் காய்ச்சலையும் சளியையும் கையால் தொட்டே அறிந்த பெண் ஒருத்திக்கு இருக்கிற படிப்பு, சான்றிதழில் எழுதாத படிப்பு, பதினெட்டு வயதில் வருமா? கல்லூரியில் முதல் முறை ஒரு நோயாளியின் மலச் சட்டியை எடுக்கச் சொன்னபோது சின்னப் பிள்ளைகள் பாதிப் பேர் வெளியே ஓடிவிட்டார்களாம். இவள் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். “இதெல்லாம் ஒரு வேலையா அண்ணே?” என்கிறாள்.

“அடுத்தவன் அசிங்கத்தை அள்ளுற வேலை நம்ம வீட்டுப் பொம்பளைக்கு எதுக்கு?” என்று மீசையை முறுக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் தகப்பனார் படுக்கையில் விழுந்தபோது அள்ளியது யார்? சம்பளம் இல்லாமல் அள்ளினால் குடும்பப் பெண், சம்பளத்துக்கு அள்ளினால் கேவலமா?

இரவு வேலை என்று சொல்லி வாய்க்குள் முணுமுணுப்பவர்களும் உண்டு. இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்பும் பன்றியும் நடமாடுகிற காட்டில் தனியாக நிரை பிடித்து மரம் வெட்டினாளே நம் அம்மா, அப்போது அந்தக் கவலை எங்கே போயிருந்தது?

கணக்கு மட்டும் பார்ப்பவர்களுக்குக் கணக்கும் உண்டு. 38இல் சேர்ந்தால் 41இல் வெளியே வரலாம். 2013 ஜூலை முதல் தனியார் துறையில் ஓய்வு வயது குறைந்தது 60 என்று சட்டம் இருக்கிறது. ஆக 19 வருஷ வேலை பாக்கி இருக்கிறது. வேறு எந்த வேலையில் சேரும் பெண்ணைப் பார்த்து “இன்னும் பத்தொன்பது வருஷம்தானே இருக்கு, எதுக்கு?” என்று கேட்கிறோம்?

சரி, பேச்சு போதும். எப்படிப் படிப்பது என்பதைப் பார்ப்போம். நமக்கு இதில் அனுபவம் கிடையாது. நாமும் மூன்றாம் பாரத்தோடு நின்றவர்கள்தான். (அவளுடைய கடிதத்தைப் பார்த்தபோது வயிற்றில் சுரீர் என்ற ஒன்றை, பொறாமை என்று இப்போது ஒத்துக்கொள்கிறோம்.) இனிச் சொல்வதெல்லாம் அவளிடமும் அவள் போன பாதையில் போன இன்னும் சிலரிடமும் கேட்டு, பாரங்களைப் படித்துப் பார்த்து எழுதுவது.

தாதியர் டிப்ளோமாவுக்கு எஸ்.பி.எம். வேண்டும். மலாய், கணிதம், ஏதாவதொரு அறிவியல் பாடம் இவற்றில் கிரெடிட் வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். மற்ற நிபந்தனைகளைக் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். எஸ்.பி.எம். எழுத வயது வரம்பு கிடையாது. அடையாளக் கார்டும் கட்டணமும் இருந்தால் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம். 2013 முதல் சரித்திரப் பாடத்திலும் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். புதிதாக முழுப் பரீட்சையும் எழுதப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அவள் கணிதம் படித்த கதையைச் சொல்லாமல் போனால் பாவம். 2022இல் மகள் நாலாம் பாரம். தாய்க்கும் மகளுக்கும் ஒரே மேசை, ஒரே புத்தகம். பக்கத்தைத் திருப்புவதில் சண்டை. “அம்மா, இதுகூடத் தெரியலையா?” என்று மகள் எரிந்து விழுவாளாம். “ஒனக்குப் பால் கொடுத்த ராத்திரியெல்லாம் தூங்கியிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்டி” என்பாளாம் இவள். ஆனாலும் மகள்தான் வாத்தியார். தமிழ்ப் பள்ளியில் கற்ற பின்னமும் விகிதமும் அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தன. கேள்வியை முதலில் மனசுக்குள் தமிழில் மாற்றிப் போட்டுவிட்டு, விடையை மலாயில் எழுதக் கற்றுக்கொண்டாள். கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். அங்கேயும் அதே தந்திரம்தான். அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தோம். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், நரம்பு முடிச்சு என்று எழுதி வைத்திருக்கிறாள்.

கூடப் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு அவள் மகளின் வயதுதான். மலாய்ப் பிள்ளைகள் “காக்” என்று கூப்பிடுகிறார்களாம். நம் பிள்ளைகள் முதலில் அக்கா என்றார்கள், இரண்டாவது மாதத்தில் அம்மா ஆகிவிட்டாள். பரீட்சைக்கு முதல் நாள் ரசம் வைத்துக் கொடுக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இனிப் பணம். அரசாங்கப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைப்பது நடு வயதுக்காரர்களுக்குச் சுலபமில்லை. தனியார் கல்லூரி என்றால் பல பத்தாயிரம் ரிங்கிட் ஆகும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பளக்காரியின் கையில் அவ்வளவு பணம் எங்கே இருக்கும்? பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் செய்யும் நாளில் வயது 45ஐத் தாண்டியிருக்கக் கூடாது. எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். ஊழியர் சேமநிதியிலும் எடுக்கலாம். 2024 மே மாதத்தில் கணக்கை மூன்றாகப் பிரித்தார்களே, அதில் செஜாத்திரா கணக்கில் உள்ள பணத்தை டிப்ளோமாப் படிப்புக்கு எடுக்க இடமுண்டு. ஆனால் சேமநிதி நம் கிழட்டுக் காலத்துக் கஞ்சி. கடனில் முடிகிற வரைக்கும் அதைத் தொடாதீர்கள் என்பது நம் அபிப்பிராயம்.

சில தனியார் ஆஸ்பத்திரிகள் படிப்புச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, முடித்த பிறகு இத்தனை வருஷம் எங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்குகின்றன. அது தப்பில்லை. ஆனால் நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், பரீட்சையில் விழுந்தால் என்ன, கர்ப்பம் ஆனால் என்ன என்று ஒவ்வொரு வரியையும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஒப்பந்தத்தைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். அதைப் படிக்கத்தானே நாங்கள் இருக்கிறோம்!

இன்னொரு கூட்டமும் லயத்துக்குள் மோட்டார் சைக்கிளில் வரும். “ஆறு மாசத்துல மிஸ்ஸி ஆகலாம், ரெண்டாயிரம் கட்டுங்க” என்று வழவழத் தாளைக் காட்டும். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் வேலைக்கு ஆறு மாசப் பயிற்சி உண்டு. அது நேர்மையான வேலைதான். ஆனால் அது தாதி வேலை இல்லை. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, தாதியர் வாரியத்தின் பரீட்சையில் தேறி, பெயரைப் பதிந்து, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிப்பவள்தான் பதிவு பெற்ற தாதி. கல்லூரிக்கு வாரியத்தின் அங்கீகாரமும் எம்.கியூ.ஏ. அங்கீகாரமும் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு காசு கட்டாதீர்கள். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் கல்லூரிகள் காளான் மாதிரி முளைத்து, படித்து முடித்த எத்தனையோ பிள்ளைகள் வேலை கிடைக்காமல் கடனோடு நின்றதை நாம் மறக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு நிலைமை தலைகீழாகி, தாதியருக்குப் பஞ்சம் வந்தது. சிங்கப்பூருக்கும் சவுதிக்கும் பலர் போய்விட்டார்கள். காற்று இப்படியே அடிக்கும் என்று நாம் உத்தரவாதம் கொடுக்க மாட்டோம். முதல் மாதமே சம்பளம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும் என்றும் சொல்ல மாட்டோம்.

இவ்வளவும் சொன்னோம். ஆனால் உண்மையான முட்டுக்கட்டை வயதும் இல்லை, பணமும் இல்லை. வீடு!

மேலே சொன்ன பெண்ணுக்குப் புருஷன் இருக்கிறார். அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அவர் பேரில் வேலை இருப்பதால் லயத்து வீடு நிற்கிறது. மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். (அந்தக் கிழவி முதலில் மூன்று மாதம் மருமகளோடு பேசவில்லை. இப்போது லயம் முழுக்க, “எங்க வீட்டு டாக்டரம்மா” என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. தாதிக்கும் டாக்டருக்கும் வித்தியாசம் இருக்கிறது பாட்டி என்றால் கேட்பதில்லை.) ஆகவே அவள் மூன்று வருஷம் சம்பளம் இல்லாமல் படிக்க முடிந்தது.

வேறொரு தோட்டத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். புருஷன் இறந்து ஆறு வருஷம். இரண்டு பிள்ளைகள். உரம் போடும் வேலை. எஸ்.பி.எம்.மில் நல்ல தேர்ச்சி. திரும்ப எழுத வேண்டிய அவசியமே இல்லை. 2024இல் ஒரு கல்லூரி இடம் கொடுத்தது. அப்போது அவளுக்கு 41. கடனுக்கும் வழி இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவள் தாயார் தயார். ஆனால் வேலையை விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு வேலைக்காரிக்கு, மாணவிக்கு இல்லை. இரண்டு பிள்ளைகளையும் கிழவியையும் எங்கே கொண்டு போய் வைப்பாள்? பட்டணத்தில் வாடகைக்கு எடுத்தால் அந்த வாடகைக்கே ஒரு வேலை வேண்டும்.

நாம் நிர்வாகியைப் போய்ப் பார்த்தோம். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். காப்பி கொடுத்தார். “நான் என்ன செய்ய? ஒப்பந்தத்துல அப்படி ஒரு விதி இருக்கா, காட்டுங்க” என்றார். கூட்டு ஒப்பந்தப் புத்தகம் நம் கையில்தான் இருந்தது. பண்டிகை விடுமுறை இருக்கிறது, மருத்துவ விடுப்பு இருக்கிறது, பிரசவ விடுப்பு இருக்கிறது. படிக்கப் போகிற தொழிலாளிக்கு வீட்டை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அந்த வரியை எந்தப் பேச்சுவார்த்தையிலும் நாமும் கேட்டதில்லை. நிர்வாகியைக் குறை சொல்லி என்ன பயன்? காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அவள் கல்லூரிக்குப் போகவில்லை.

ஆகவே சங்கத்துத் தலைவர்களுக்கும் நம் சக அமைப்பாளர்களுக்கும் வெளிப்படையாகவே கேட்கிறோம். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இந்தக் கோரிக்கையை வையுங்கள். தோட்டத்தில் ஐந்து வருஷமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குப் போனால், சம்பளம் இல்லாத விடுப்பாக அதைக் கணக்கிட வேண்டும். படிப்பு முடியும் வரை வீட்டை அவர் குடும்பத்திடம் விட வேண்டும். முதலாளிக்கு இதில் பெரிய நஷ்டம் எதுவும் கிடையாது. எத்தனை லயத்தில் வீடுகள் பூட்டிக் கிடந்து புல் முளைத்துப் போயிருக்கின்றன! “ஒரு ஆளுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பான்” என்பார்கள். கேட்கட்டுமே. ஒரு தோட்டத்திலிருந்து பத்துப் பேர் படிக்கப் போனால் அது ஆபத்தா?

ஒப்பந்தம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றும் இல்லை. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது நம் பெற்றோர்கள் என்ன செய்தார்கள்? நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அன்றைக்குப் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். நம் கிளையில் முந்நூறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் இரண்டு ரிங்கிட் போட்டால் 600 ரிங்கிட். பட்டணத்துப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டு வாடகைக்குப் பெரும் பகுதி அதிலேயே வந்துவிடும். இரண்டு ரிங்கிட் என்பது ஒரு தே தாரிக் காசு.

எஸ்.பி.எம். வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கணிதம், ஒருவர் அறிவியல். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வகுப்பறையைக் கொடுக்கத் தலைமையாசிரியரும் சம்மதித்துவிட்டார். மலாய்க்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. நம் வாசகர்களில் யாராவது முன்வந்தால் கும்பிட்டு வரவேற்போம்.

உரம் போடும் அந்தப் பெண்ணுக்கு இப்போது வயது 43. கடனுக்கு வயது வரம்பு 45. கல்லூரி கொடுத்த பழைய கடிதத்தின் நகலை நம் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். மறுபடி விண்ணப்பித்தால் மறுபடி இடம் கிடைக்கும் என்று அவள் நம்புகிறாள். “வீட்டுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கண்ணே, மத்ததை நான் பாத்துக்குறேன்” என்கிறாள்.

வாடகை நிதியைப் பற்றி முடிவெடுக்க வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளைக் கூட்டம் இருக்கிறது. இடம் தமிழ்ப் பள்ளி மண்டபம். ஆண்கள் மட்டும் வந்து உட்கார்ந்து பீடி பிடித்துவிட்டுப் போகும் கூட்டம் இல்லை இது. ஆயாக்கொட்டகைப் பெண்களும் உரம் போடும் பெண்களும் மருந்து அடிக்கும் பெண்களும் கட்டாயம் வர வேண்டும். பிள்ளைகளை விட ஆள் இல்லையென்றால் தூக்கிக்கொண்டே வாருங்கள். நம் தாதி மாணவிக்கு அன்றைக்கு இரவு வேலைதானாம். பகலில் வந்து பாரங்களை எப்படி நிரப்புவது என்று காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.